எஸ் எங்கே, குறி எங்கே: ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் பன்மையும் உடைமையும்

பாய்ஸ் என்று காதில் விழுந்தால் அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். பல பையன்கள், ஒரு பையனுடைய, பல பையன்களுடைய. மூன்றுக்கும் ஒலி ஒன்றே. வேறுபாடு முழுவதும் தாளில்தான்: முதலாவதில் அபாஸ்ட்ரஃபி (’) என்னும் குறி கிடையாது, இரண்டாவதில் அது எஸ்ஸுக்கு முன்னால், மூன்றாவதில் எஸ்ஸுக்குப் பின்னால். சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர்கள், இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட, எழுதும்போது இங்கே தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். காதை நம்பி எழுத முடியாத இடம் இது. வரிசையை நம்பித்தான் எழுத வேண்டும்.

வரிசை இரண்டே படி. முதலில், ஆள் ஒருவரா பலரா, பொருள் ஒன்றா பலவா என்று முடிவு செய்து, அதற்குரிய சொல்லை எழுதி முடித்துவிடுங்கள். உடைமையைப் பற்றி இந்தக் கட்டத்தில் நினைக்கவே வேண்டாம். அடுத்து, எழுதிய சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். பன்மைக்காகச் சேர்த்த எஸ்ஸில் முடிந்தால் குறி மட்டும் போதும். மற்றபடி எதில் முடிந்தாலும் குறியும் எஸ்ஸும். பன்மையை எழுதி முடிக்கும் முன்பே கை குறியைப் போட்டுவிடுவதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

ஆகவே பன்மையிலிருந்தே தொடங்குவோம்.

தமிழ்ப் பழக்கம் இடறும் இடங்கள்

பத்து மாம்பழம் வாங்கினேன், ரெண்டு பஸ் போயிடுச்சு என்று நாம் பேசுவதில் பிழையில்லை. எண் சொன்ன பிறகு அஃறிணைக்குக் கள் போடுவது தமிழில் விருப்பம்தான். ஆங்கிலத்தில் அது கட்டாயம். ஒன்றுக்கு மேல் எந்த எண் வந்தாலும் பெயர்ச்சொல் பன்மையாக வேண்டும்: டென் மேங்கோஸ், டூ பஸ்ஸஸ்.

இதைவிட அதிகம் பார்க்கும் பிழை ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட் என்பது. ஒருவரைப் பற்றித்தானே சொல்கிறோம் என்று மனம் ஒருமையிலேயே நின்றுவிடுகிறது. தமிழில் யோசித்தாலே திருத்தம் கிடைக்கும். என் நண்பனில் ஒருவன் என்று யாரும் சொல்வதில்லை. நண்பர்களில் ஒருவன் என்றுதான் சொல்கிறோம். ஒன் ஆஃப் வந்தால் பின்னால் பன்மை, வினை மட்டும் ஒருமை: ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர். நேர்மாறாக ஈச், எவ்ரி இரண்டும் ஒருமையைத்தான் கேட்கும்: எவ்ரி ஸ்டூடன்ட்.

ஒரு விலக்கு உண்டு. எண்ணும் பெயரும் சேர்ந்து அடுத்த பெயருக்கு அடைமொழியாக நின்றால் எஸ் விழுந்துவிடும். டென் ருபீஸ், ஆனால் டென் ருபீ நோட். ஃபைவ் இயர்ஸ், ஆனால் ஃபைவ் இயர் பிளான். இப்படி அடையாக வரும்போது எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே சிறு கோடு போடுவது வழக்கம். ஹண்ட்ரட், தவுசண்ட் ஆகியவற்றுக்கும் எண்ணுக்குப் பின் எஸ் கிடையாது: த்ரீ ஹண்ட்ரட் பீப்பிள். எண் சொல்லாமல் நூற்றுக்கணக்கான என்னும் பொருளில் வந்தால் மட்டும் ஹண்ட்ரட்ஸ் ஆஃப்.

எஸ்ஸா, இ-எஸ்ஸா

இங்கே மட்டும் காது உதவும். பன்மையைச் சொல்லிப் பாருங்கள். அசை ஒன்று கூடுகிறதா? பஸ் ஓரசை, பஸ்ஸஸ் ஈரசை. பாக்ஸ், பாக்ஸஸ். டிஷ், டிஷ்ஷஸ். சர்ச், சர்ச்சஸ். அசை கூடினால் இ-எஸ் எழுத வேண்டும். சொல் ஏற்கெனவே இ-யில் முடிந்திருந்தால், ரோஸ், பேஜ், ஹவுஸ் போல, எஸ் மட்டும் சேர்த்தால் போதும். சி-ஹெச்சில் முடிந்தாலே இ-எஸ் என்று மனப்பாடம் செய்தவர்கள் ஸ்டமக் என்ற சொல்லில் மாட்டிக்கொள்வார்கள். எழுத்தில் சி-ஹெச், ஒலியில் க். பன்மையில் அசை கூடுவதில்லை, எஸ் மட்டும். மோனார்க்கும் அப்படித்தான். குவிஸ் இன்னொரு தனி ரகம்: பன்மையில் இசட் இரட்டிக்கும்.

உச்சரிப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று: தமிழில் ஸ் என்று ஒரே எழுத்தால் குறித்தாலும் ஆங்கிலப் பன்மை எஸ்ஸுக்கு ஒலி வேறுபாடு உண்டு. கேட்ஸ், புக்ஸ், கப்ஸ் என்பவற்றில் வெறும் காற்றொலி. பூனைக்குப் பதில் நாயைச் சொல்லும்போது, அதாவது டாக்ஸ் என்னும்போது, தொண்டையில் கை வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரியும். அது இசட்டின் ஒலி. உயிரொலியில் முடியும் சொற்களிலும் இதே அதிர்வுதான்: கீஸ், டேஸ். எழுத்தில் எல்லாம் எஸ்தான் என்பதால் எழுதுகிறவருக்குத் தொல்லையில்லை. பேசுகிறவர் பழக வேண்டும்.

ஒய்யில் முடியும் சொற்களில் ஒய்க்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். அங்கே ஏ, இ, ஓ, யூ போன்ற உயிரெழுத்து இருந்தால் எஸ் மட்டும்: பாய், டே, கீ, மங்கி. மெய்யெழுத்து இருந்தால் ஒய்யை எடுத்துவிட்டு ஐ-இ-எஸ்: சிட்டி, லேடி, பேபி, கம்பெனி. ஆட்பெயரும் குடும்பப்பெயரும் இந்த விதிக்குக் கட்டுப்படாது. கென்னடி குடும்பத்தாரைக் கென்னடிஸ் என்று எழுதும்போது ஒய் அப்படியே நிற்கும், எஸ் மட்டும் சேரும். பெயரின் உருவத்தைக் குலைக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

ஓ-வில் முடியும் சொற்களுக்கு நம்பத்தக்க விதி இல்லை; இருப்பதாகச் சொல்லும் விதிகளில் ஓட்டை அதிகம். பொட்டேட்டோ, டொமேட்டோ, ஹீரோ, எக்கோ, வீட்டோ இந்த ஐந்துக்கும் இ-எஸ் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் அன்றாடத் தேவை தீர்ந்துவிடும். ஃபோட்டோ, பியானோ, ரேடியோ, வீடியோ, ஸ்டூடியோ, கிலோ, மெமோ எல்லாம் எஸ் மட்டும். மேங்கோ, வால்கேனோ, கார்கோ எப்படி எழுதினாலும் சரி.

எஃப்பில் முடியும் சொற்களில் ஒரு சிறு கூட்டம் எஃப்பை வி-யாக மாற்றி வி-இ-எஸ் பெறும்: நைஃப், வைஃப், லைஃப், லீஃப், ஹாஃப், காஃப், உல்ஃப், ஷெல்ஃப், லோஃப், தீஃப், செல்ஃப். ரூஃப், சீஃப், ப்ரூஃப், பிலீஃப், கிளிஃப் மாறாமல் எஸ் மட்டும் பெறும். ரூஃபுக்கு வி-இ-எஸ் போடுவது பரவலான பிழை. ஸ்கார்ஃப், ஹூஃப் இரண்டுக்கும் இரு வடிவமும் உண்டு.

உள்ளே உயிரெழுத்து மாறிப் பன்மையாகும் சொற்கள் ஏழுதான்: மேன், வுமன், ஃபுட், டூத், கூஸ், மவுஸ், லவுஸ். வுமன் என்பதன் பன்மையை விமின் என்று சொல்ல வேண்டும். மாறும் எழுத்து இரண்டாம் அசையில், மாறும் ஒலி முதல் அசையில். கூஸ் பன்மையில் கீஸ் ஆவதைப் பார்த்து மங்கூஸையும் மாற்றிவிடக் கூடாது. கீரியைக் குறிக்கும் அந்தச் சொல் மராத்தி போன்ற இந்திய மொழிகளிலிருந்து போனது, வாத்துக்கும் அதற்கும் உறவில்லை, மங்கூஸஸ்தான். ஜெர்மன், ரோமன், ஹியூமன் ஆகியவற்றிலும் மேன் ஒளிந்திருப்பது போலத் தோன்றும், ஆனால் எஸ்தான் சேரும். சைல்டு சில்ட்ரன் ஆகும், ஆக்ஸ் ஆக்ஸன் ஆகும். ஷீப், டியர், ஏர்கிராஃப்ட், சீரிஸ், ஸ்பீஷிஸ் ஒருமையிலும் பன்மையிலும் ஒரே உரு.

லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்த சொற்களில் நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் பன்மையை ஒருமையாகப் பயன்படுத்துவதில்தான். கல்லூரி விழாவில் ஐ ஆம் அன் அலம்னை என்று மேடையில் சொல்வார்கள். அலம்னை பன்மை. ஒருவர் என்றால் அலம்னஸ், பெண் என்றால் அலம்னா. கிரைட்டீரியாவும் ஃபினாமினாவும் பன்மை. ஒருமை கிரைட்டீரியன், ஃபினாமினன். பாக்டீரியாவின் ஒருமை பாக்டீரியம். கிரைசிஸ், தீசிஸ், அனாலிசிஸ் பன்மையில் கடைசி ஐ-க்குப் பதில் இ எழுதப்பட்டு சீஸ் என்று நீண்டு ஒலிக்கும். டேட்டாவை மட்டும் இன்று ஒருமை வினையோடு எழுதுவது ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. அறிவியல் கட்டுரைகளில்தான் பன்மை வினை இன்னும் உயிரோடு இருக்கிறது.

எஸ் சேரவே சேராதவை

விதிகளை எல்லாம் சரியாகக் கற்றவர்களும் சறுக்கும் பகுதி இது. ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்யூப்மென்ட், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஸ்டேஷனரி, சீனரி, மெஷினரி, ஹோம்வொர்க், ஃபீட்பேக், சாஃப்ட்வேர். இவற்றை ஆங்கிலம் தண்ணீர், மணல் போல எண்ண முடியாதவையாகக் கருதுகிறது. நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ண முடியாது. எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் முன்னால் அளவுச்சொல் போட வேண்டும்: டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ், எ பீஸ் ஆஃப் அட்வைஸ். பன்மை எஸ் பீஸில் ஏறும், லக்கேஜில் ஏறாது.

ஸ்டாஃப் என்பது ஓரிடத்தில் வேலை செய்பவர்கள் அனைவரையும் சேர்த்துக் குறிக்கும் சொல். மூன்று ஆசிரியர்கள் வந்தார்கள் என்பதற்கு த்ரீ ஸ்டாஃப்ஸ் என்று எழுதுவதைத் தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரிச் சுற்றறிக்கைகளில் நிறையக் காணலாம். த்ரீ மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப் என்பதே சரி. ஆல்ஃபபெட்டும் இதே வகைப் பிழைக்கு ஆளாகும் சொல். ஆங்கிலத்துக்கு ஆல்ஃபபெட் ஒன்றுதான், அதில் லெட்டர்ஸ் 26. டுவென்டி சிக்ஸ் ஆல்ஃபபெட்ஸ் என்றால் 26 மொழிகளின் நெடுங்கணக்கு என்று பொருளாகிவிடும்.

நியூஸ், மேத்தமேடிக்ஸ், ஃபிசிக்ஸ் எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை. சிசர்ஸ், டிரவுசர்ஸ், ஸ்பெக்டகிள்ஸ் ஒன்றே ஒன்று இருந்தாலும் பன்மை. எண்ண வேண்டுமானால் பேர் ஆஃப்.

இனி உடைமை

இனிமேல் வரும் எடுத்துக்காட்டுகளில் குறி எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடத்திலேயே தமிழ் எழுத்துகளுக்கு நடுவிலும் காட்டியிருக்கிறது. பாய்’ஸ் என்றால் ஒரு பையனுடைய. பாய்ஸ்’ என்றால் பல பையன்களுடைய.

பள்ளிக் காலண்டரை எடுத்தால் இரண்டு படிகளையும் ஒரே பக்கத்தில் பழகலாம். செப்டம்பர் 5: டீச்சர் பலர், ஆகவே டீச்சர்ஸ், எஸ்ஸில் முடிந்துவிட்டது, குறி மட்டும்: டீச்சர்ஸ்’ டே. நவம்பர் 14: குழந்தைகள் பலர், ஆகவே சில்ட்ரன், கடைசி எழுத்து என், குறியும் எஸ்ஸும்: சில்ட்ரன்’ஸ் டே. மார்ச் 8: விமின், அதே கணக்கு, விமின்’ஸ் டே. மே மாத இரண்டாம் ஞாயிறுதான் சுவையானது. தாய்மார்கள் பலர் என்பதால் மதர்ஸ்’ என்று எழுதத் தோன்றும். அமெரிக்காவில் அந்த நாளை நிலைநாட்டிய ஆனா ஜார்விஸ், அவரவர் தன் ஒரு தாயைப் போற்றும் நாள் இது என்று சொல்லி ஒருமையையே வலியுறுத்தினார். அதனால் மதர்’ஸ் டே. எத்தனை பேர் என்ற முடிவு இலக்கணத்துக்கு முந்தியது, எழுதுகிறவரின் பொருளைச் சார்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அதே கணக்கைக் கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் கட்டடப் பெயரிலேயே பார்க்கலாம். கேம்பிரிட்ஜில் இருப்பது குயின்ஸ்’ காலேஜ், குறி எஸ்ஸுக்குப் பின்னால். 1448-ல் ஓர் அரசியும் 1465-ல் இன்னோர் அரசியும் புரவலர்களாக நின்று நிறுவிய கல்லூரி அது. ஆக்ஸ்ஃபோர்டில் 1341-ல் தோன்றியது ஃபிலிப்பா என்ற ஓர் அரசியின் பெயரால். அது குயின்’ஸ் காலேஜ்.

சில்ட்ரன், மென், விமின் மூன்றும் ஏற்கெனவே பன்மை என்பதால் எஸ்ஸுக்குப் பிறகு குறி போடுவது ஒருபோதும் சரியாகாது. சில்ட்ரன்ஸ் என்று தனியாக ஒரு சொல்லே இல்லையே, அதன்மேல் எப்படிக் குறி நிற்கும்? சென்னையின் விமின்’ஸ் கிறிஸ்டியன் காலேஜ் பெயர்ப்பலகையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பன்மை சொல்லின் எழுத்தை மாற்றும், உடைமை மாற்றவே மாற்றாது. ஒரு நகரத்தின் சாலைகள் என்றால் சிட்டி’ஸ் ரோட்ஸ். ஒய் இருந்த இடத்திலேயே இருக்கும். பல நகரங்களின் சாலைகள் என்றால்தான் ஒய் போய் ஐ-இ-எஸ் வந்து, அதன் பின் குறி. மனைவியின் என்பது வைஃப்’ஸ், எஃப் மாறாது. மனைவிகளுடைய என்னும்போதுதான் வி.

ஒருமையே எஸ்ஸில் முடிந்தால்? தாஸ், ஸ்ரீனிவாஸ், ஜேம்ஸ், தாமஸ் போன்ற பெயர்களுக்கு இரு வழக்கு உண்டு. அமெரிக்கப் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ கையேடு குறியோடு எஸ்ஸும் போடச் சொல்கிறது. ஏபி செய்தி நிறுவனத்தின் கையேடு குறி மட்டும் போதும் என்கிறது. லண்டனில் செயின்ட் ஜேம்ஸ்’ஸ் பார்க்கும் செயின்ட் தாமஸ்’ ஹாஸ்பிட்டலும் ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையுமாக இரண்டு வழக்கையும் காட்டிக்கொண்டு நிற்கின்றன. வாய்விட்டுச் சொல்லும்போது கூடுதல் அசை வருவதால் எஸ்ஸையும் எழுதுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. எதைத் தேர்ந்தாலும் ஒரே கட்டுரைக்குள் மாற்றக் கூடாது.

கூட்டுச்சொல்லில் பன்மையும் உடைமையும் வெவ்வேறு இடத்தில் ஒட்டும். மைத்துனர்கள் என்றால் பிரதர்ஸ்-இன்-லா, எஸ் தலைச்சொல்லில். மைத்துனருடைய என்றால் பிரதர்-இன்-லா’ஸ், குறி கடைசியில். இருவருக்குச் சொந்தம் என்றால், பொதுச்சொத்துக்கு இரண்டாம் பெயரில் மட்டும் குறி: ரவி அண்ட் மாலா’ஸ் ஹவுஸ், ஒரே வீடு. தனித்தனி வீடு என்றால் இருவர் பெயரிலும் குறி வேண்டும்.

காலத்தைச் சொல்லும் இடத்தில்தான் விண்ணப்பங்கள் அதிகம் சொதப்பும். ஒரு நாள் விடுப்பு: ஒன் டே’ஸ் லீவ். இரண்டு நாள்: டூ டேஸ்’ லீவ். பத்தாண்டு அனுபவம்: டென் இயர்ஸ்’ எக்ஸ்பீரியன்ஸ். இதை இயர்’ஸ் என்று எழுதினால் பத்துக்கு அடுத்து ஒருமை வந்துவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் நடுவில் ஆஃப் போடுங்கள், டென் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ். குறியே தேவைப்படாது.

குறி வரவே கூடாத இடங்கள்

ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ், இட்ஸ், ஹூஸ். இவை பிறக்கும்போதே உடைமைப் பொருளோடு பிறந்த சொற்கள். ஹிஸ் என்பதற்கு யாரும் குறி போடுவதில்லை, அதைப் போலவே இவையும். இட்’ஸ் என்று குறியோடு எழுதினால் இட் இஸ் அல்லது இட் ஹேஸ் என்பதன் சுருக்கம். எழுதியதை இட் இஸ் என்று விரித்துப் படித்துப் பாருங்கள். நாய் தன் வாலை ஆட்டியது என்ற வாக்கியத்தில் இட் இஸ் டெய்ல் என்று வந்தால் குறியை அழித்துவிட வேண்டியதுதான். ஹூ’ஸ் என்பதற்கும் இதே சோதனை.

பன்மைக்குக் குறி கிடையாது. இட்லி’ஸ், தோசா’ஸ் என்று உணவகப் பலகையில் இருப்பது பன்மை அல்ல, இட்லிக்குச் சொந்தமான ஏதோ ஒன்று. பிரிட்டனில் காய்கறிக் கடைப் பலகைகளில் இது மலிந்ததால் அங்கே இந்தப் பிழைக்கே காய்கறிக்காரர் அபாஸ்ட்ரஃபி என்று பெயர் வந்துவிட்டது. சுருக்கெழுத்துகளும் ஆண்டுகளும் அப்படித்தான்: எம்எல்ஏஸ், சிடிஸ், 1990ஸ். ஒற்றைச் சிறிய எழுத்தைப் பன்மையாக்கும்போது மட்டும், படிப்பவர் குழம்பாமல் இருக்கக் குறியை அனுமதிக்கிறார்கள்.

நிறுவனப் பெயர்களை இலக்கணத்துக்குச் சாட்சியாக அழைக்கக் கூடாது. மெக்டொனால்டு’ஸ், டாமினோ’ஸ் குறியை வைத்திருக்கின்றன. ஹேரட்ஸ், செல்ஃப்ரிட்ஜஸ், நம் ஹிக்கின்பாதம்ஸ் வைத்திருக்கவில்லை. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-ல் தன் குறியைக் கைவிட்டது. லண்டன் மெட்ரோ ரயிலின் பிக்கடில்லி தடத்தில் ஏர்ல்’ஸ் கோர்ட்டுக்குக் குறி உண்டு, அடுத்த நிலையமான பேரன்ஸ் கோர்ட்டுக்கு இல்லை. அமெரிக்காவின் நிலப்பெயர் வாரியம் ஊர், மலை, ஆற்றுப் பெயர்களில் குறியைப் பொதுவாக அனுமதிப்பதில்லை; மார்த்தா’ஸ் வின்யார்ட் போன்ற ஒருசில மட்டும் விலக்கு. பெயரை அதன் உரிமையாளர் எழுதுவது போல அப்படியே எழுதுங்கள்.

குறியா, ஆஃபா

மனிதர், விலங்கு என்றால் குறி. உயிரற்ற பொருள் என்றால் பெரும்பாலும் ஆஃப். அப்பாவின் சட்டைக்கு ஃபாதர்’ஸ் ஷர்ட். வீட்டின் கூரைக்கு ரூஃப் ஆஃப் த ஹவுஸ். நாடு, ஊர், நிறுவனம், காலம் இரண்டையும் ஏற்கும்: இண்டியா’ஸ், டுடே’ஸ். தமிழில் மேசையின் கால், மாமாவின் கால் என்று ஒரே இன் உருபு இரண்டுக்கும் போதுமாக இருப்பதால் டேபிள்’ஸ் லெக் என்று கை போகும். தவறென்று அடிக்க மாட்டார்கள், ஆனால் டேபிள் லெக் அல்லது லெக் ஆஃப் த டேபிள் என்பதே இயல்பு.

இரண்டும் சேர்ந்து வரும் இடமும் உண்டு. எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர் என்றால் படத்தில் இருப்பவர் அப்பா. எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர்’ஸ் என்றால் அப்பாவிடம் உள்ள படங்களில் ஒன்று. அதில் யார் இருக்கிறார் என்று தெரியாது. அப்பாவின் படம் என்ற தமிழ்த் தொடர் இரண்டையும் குறிக்கும் என்பதால் ஆங்கிலத்தில் எழுதும்போது நிதானிக்க வேண்டும்.

கடைசியாக விசைப்பலகை. நூற்றாண்டை விட்டுவிட்டு ’90ஸ் என்று எழுதும்போது, சொல்லின் தொடக்கத்தில் குறி வருவதால் கைப்பேசியும் கணினியும் அதை மேற்கோளின் திறப்பு என்று எண்ணித் திருப்பிப் போட்டுவிடும். அபாஸ்ட்ரஃபியின் வால் எப்போதும் மேற்கோளின் முடிப்பைப் போலவே வளைந்திருக்க வேண்டும். குறியை இரண்டு முறை தட்டி முதலாவதை அழித்தால் பெரும்பாலும் சரியான வடிவம் நிற்கும்.